நிறுத்தத் தெரிந்த பின் நடை

மழையை நம்பி விதைத்து, மழையை நம்பியே மகசூல் கண்டு, கரிசல் காட்டில் ஆயுள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து உழைத்த சரீரங்கள் முழங்காலும் இடுப்பும் தேய்ந்து வீட்டுக்குள் ஒடுங்குகிற பருவத்தில், அவற்றைத் தோள்கொடுத்துத் தாங்க வேண்டிய பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள் என்பது எங்கள் நாகலாபுரத்துக்கு மட்டும் உரிய விசேஷம் அன்று. புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்த மானாவாரிச் சீமை முழுவதற்கும் அதுவே பொது லட்சணமாகிவிட்டது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழ்நாட்டு ஜனங்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதை எட்டியவர்களாக இருந்தார்கள். அவர்களில் பலருக்குப் பிள்ளையின் தோளுக்குப் பதிலாக இன்று வீட்டுக்கு வந்து சேர்கிற ஓர் உபகரணத்தைப் பற்றியும், அதைக் கொடுக்கிறவர்கள் கொடுக்க மறந்துவிடுகிற ஒன்றைப் பற்றியும் இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

நான்கு சக்கரம், இரண்டு கைப்பிடி, சைக்கிளில் உள்ளது போன்ற பிரேக், களைத்தால் உட்காருவதற்கு நடுவில் ஓர் இருக்கை, அதன் அடியில் ஒரு கூடை என்று அமைந்த அந்த வண்டியைக் கடைக்காரர்கள் ரோலேட்டர் என்கிறார்கள். ஊரிலோ சக்கரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் வாக்கர்தான். ஆனால் சக்கரமே இல்லாத நாற்கால் வாக்கரும், முன்னங்கால்களில் மட்டும் சக்கரமுள்ள வாக்கரும், நான்கு சக்கர வண்டியும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கூடியவை அல்ல. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் உடம்பின் பாரத்தைக் கைகளின்மேல் இறக்கி நடக்க வேண்டியவருக்கு நான்கு சக்கர வண்டி பொதுவாகப் பொருந்தாது. பாரம் விழுந்தால் அது முன்னே ஓடிவிடும். கால்களில் ஓரளவு பலம் இருந்தும், நிதானம் குறைந்தோ சீக்கிரம் மூச்சு வாங்கியோ நடையைச் சுருக்கிக்கொண்டவர்களுக்கே அது உற்ற துணை. பார்க்கின்சன் நோயால் அடி தடைப்பட்டுத் திடீரென்று ஓட்டமாக நடப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் அதைத் தொடவே கூடாது.

இந்த வண்டி பிறந்த கதை அறியத் தக்கது. ஸ்வீடன் தேசத்தில் தாதியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஐனா வீஃபால்க் என்ற பெண்மணியை இருபத்தொன்றாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிற்று. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எது தேவை என்பதைத் தம் சரீரத்திலேயே நித்தமும் அனுபவித்து அறிந்த அந்த அம்மையார் 1978இல் சக்கர வாக்கரை உருவாக்கினார். அது பலரையும் சென்றடைய வேண்டும் என்று காப்புரிமை பெறாமலே விட்டுவிட்டார். அதே 1978இல்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கி, முதுமைக்கும் ஒரு வைத்திய சாஸ்திரம் உண்டு என்பதை நம் நாட்டில் நிலைநாட்டினார். தூர தேசத்தில் ஒரு கருவியும் நம் ஊரில் ஒரு வைத்தியத் துறையும் ஒரே ஆண்டில் பிறந்திருக்க, அவ்விரண்டும் ஒரே வீட்டுக்குள் ஒன்றாக நுழைவது மட்டும் இன்றளவும் அபூர்வமாக இருக்கிறது. கருவி வருகிறது, அதைப் பழக்கிவைக்கிற வைத்திய அறிவு கூடவே வருவதில்லை.

எங்கள் தெருவில் நான் பெரியம்மா என்று அழைக்கும் ஒருவருக்கு, சிங்கப்பூரில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது இந்த வண்டியை வாங்கிவந்து, பெட்டியைப் பிரித்து, விரித்து நிறுத்தி, இனிக் கவலையில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். சில நாட்களுக்குள் முற்றத்தில் காய்ந்த மல்லியைப் பார்க்கப் போன பெரியம்மா களைத்துப்போய், வண்டியின் இருக்கையில் அமரலாம் என்று சாய்ந்தபோது, பூட்டப்படாத சக்கரங்கள் பின்னால் நழுவ, மல்லிக் குவியலின்மேல் சரிந்தார். எலும்பு முறியவில்லை, தைரியம் முறிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வண்டி பழைய குலுக்கைக்குப் பக்கத்தில், ஈரத் துண்டு காயப்போடுகிற கொடியாக நின்றது.

அதை மறுபடியும் வண்டியாக்கியவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக வருகிற இயன்முறை சிகிச்சைப் பெண். 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுப்பதோடு உடற்பயிற்சி சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. அவர் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பெரியம்மாவை நடக்கச் சொல்லாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே கைப்பிடிக்குக் கீழுள்ள பிரேக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

“பாட்டி, மொதல்ல நடக்க வேண்டாம். இதை நிறுத்தப் பழகுங்க. மேல இழுத்தா வேகம் கொறையும். கீழ அமுக்கினா பூட்டிக்கிடும்.”

“நிப்பாட்டுறதுக்கா தாயி வண்டி வாங்குனது?”

“அது நின்னாத்தான் பாட்டி நீங்க நம்பி உக்கார முடியும்.”

பெரியம்மா சிறிது நேரம் யோசித்தார். பருத்திப் பொதி ஏற்றும் நாளில் பெரியப்பா, மாட்டு வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுக்காமல் ஒரு பொதியைக்கூட மேலே வைக்கவிட மாட்டார் என்பதைத் தாமாகவே நினைவுகூர்ந்து, “அப்ப இதுதான் இதுக்கு அண்டைக்கல்லு” என்றார். அந்தச் சிகிச்சையாளர் எத்தனை விளக்கியிருந்தாலும் அவ்வளவு தெளிவாக அது அவர் மனத்தில் பதிந்திருக்குமோ என்பது சந்தேகமே. பிறகு இரண்டு பிரேக்கையும் பூட்டவும், பூட்டிய வண்டியைத் தள்ளிப் பார்த்து அது நகரவில்லை என்று நிச்சயித்துக்கொள்ளவும், மறுபடி திறக்கவுமாகக் கை சலிக்குமட்டும் அப்பியாசம் நடந்தது.

அன்று அவர் கற்பித்தவற்றை, வீட்டில் இப்படி ஒரு வண்டி வைத்திருக்கிற எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே சற்று விஸ்தாரமாகவே சொல்லுகிறேன். முதலாவது உயரம். நிமிர்ந்து நின்று கைகளைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் ரேகை எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை சிறிது மடங்கும். கைப்பிடி தாழ்ந்திருந்தால் முதுகு கூனும். உயர்ந்திருந்தால் தோள் வலிக்கும். வேறொருவருக்கு அளவெடுத்த வண்டியை அப்படியே வாங்கி உருட்டினால் இரண்டு தொல்லைகளில் ஒன்று நிச்சயம். இரண்டாவது நடை. வண்டியைத் தூரத் தள்ளிவிட்டு அதைத் துரத்திப் போகாமல், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே தம் கால்கள் இருக்கும்படி அதன் உள்ளே நடக்க வேண்டும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் சிறு சிறு அடியாக வைத்துச் சுற்றித் திரும்ப வேண்டும். கடைக்குப் போன பையைக் கைப்பிடியில் மாட்டாமல் கூடையில் வைக்க வேண்டும். மூன்றாவது உட்காருதல். பூட்டி, திரும்பி, இருக்கையின் விளிம்பு காலின் பின்புறத்தில் படுகிறவரை பின்வாங்கி, அதன் பிறகே மெல்ல அமர வேண்டும். நாற்காலியிலிருந்து எழும்போது வண்டியைப் பிடித்து இழுக்காமல் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, நிலைத்த பிறகே வண்டியின் கைப்பிடிக்குக் கையை மாற்ற வேண்டும். இருக்கை இருக்கிறதே என்று பாட்டியை அதில் உட்காரவைத்துப் பேரப்பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போவது பார்க்கப் பிரியமான காரியமே ஆனாலும் பெரும் அபாயம். அது சக்கர நாற்காலி அன்று, சிறு கல் தடுக்கினாலும் ஆளோடு கவிழ்ந்துவிடும்.

நான்காவது மடிப்பு, இதை நம்மவர்கள் அநேகமாக ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. மடிக்கும் முன் நடக்கிறவர் அசையாத ஓரிடத்தில் அமர்ந்துவிட வேண்டும்; கூடை காலியாக வேண்டும்; இரண்டு பிரேக்கும் பூட்டியிருக்க வேண்டும். சில வண்டிகளில் இருக்கையின் நடுவிலுள்ள பட்டையை மேலே இழுத்தால் இரு பக்கமும் ஒன்றுசேரும். வேறு சிலவற்றில் இருக்கையைத் தூக்கி, அடியிலுள்ள கம்பியை இழுத்தால் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். எந்த வகையானாலும் பலவந்தம் கூடாது. மடங்க மறுத்தால் எங்கோ ஒரு கொக்கி இன்னும் விடுபடவில்லை என்று பொருள். விரிக்கும்போதுதான் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பக்கச் சட்டங்களை விரலால் சுற்றிப் பிடித்தால் விரல் நசுங்கும் என்பதால், விரித்த உள்ளங்கையால் அமுக்கி, ‘டக்’கென்று பூட்டு விழுந்த சத்தம் கேட்ட பிறகும் இருக்கையை ஒரு தரம் அழுத்தி, சட்டத்தை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டே முதியவரின் கையில் கொடுக்க வேண்டும். பாதி விரிந்த வண்டி முழுதும் விரிந்ததைப் போலவே தோற்றமளிக்கும். பாரம் விழுந்த கணத்தில்தான் அதன் பொய் வெளிப்படும்.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொது. எங்கள் கரிசல் பூமிக்கென்று சில விசேஷக் கவலைகளும் உண்டு. நீரைக் குடித்தால் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கிற களிமண் இது. கோடையில் பாளம் பாளமாகப் பிளந்த தரையில் சின்னச் சக்கரம் இறங்கினால் வண்டி நின்றுவிடும், ஆள் நிற்பதில்லை. ஆகையால் வீட்டுக்குள்ளும் சிமெண்டுத் தரையிலும் மட்டும் புழங்குகிறவர்களுக்கு ஆறு அங்குலச் சக்கரம் போதுமானாலும், தெருவில் இறங்குகிறவர்கள் எட்டு அங்குலமோ அதற்கு மேலோ உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பெய்து தெரு சேறான நாட்களில் இந்த வண்டியை வெளியே எடுக்காதிருப்பதே உத்தமம். கரிசல் சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டு, பிரேக்கின் கட்டைக்கும் டயருக்கும் நடுவே புகுந்துவிட்டால், கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் வழுக்கும். காய்ந்த பிறகோ அதே சேறு கல்லாக இறுகிச் சக்கரத்தைச் சுற்றவிடாது. ஈரம் இருக்கும்போதே துணியால் துடைத்துவிடுவதும், அச்சில் சுற்றிய பஞ்சு இழை, நூல், தலைமுடி ஆகியவற்றை அவ்வப்போது களைவதும், பிரேக் வயர் தளர்ந்தால் சைக்கிள் கடையிலேனும் காட்டி முடுக்குவதும் வீட்டிலுள்ள இளைஞர்களின் கடமை.

இனி வாசற்படி. பழைய வீடுகளின் நிலைப்படி இந்த வண்டிக்குப் பெரிய சத்துரு. படியில் இதை ஏற்றி இறக்கி நடப்பதென்பது எவருக்கும் ஆகாத காரியம். ஆகவே படியைத்தான் மாற்ற வேண்டும். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்ற கணக்கில் சிமெண்டுச் சரிவு அமைப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க எண்ணிச் செங்குத்தாகச் சாய்த்த சரிவு, படியைவிடக் கொடியது.

பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு அது மகத்தான உதவிதான். ஆனாலும் படியின் உயரம் குறையவில்லை. துணைக்கு ஒருவர் இல்லாமல் இந்த வண்டியோடு பேருந்தில் ஏறத் துணியலாகாது. முதியவர் கம்பியைப் பிடித்து ஏறி அமர்ந்த பின் வண்டியை மடித்து மேலே கொடுக்க வேண்டும். நடைபாதையில் விடாமல் கால்மாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது வண்டி முதலில் இறங்கி, விரிந்து, பூட்டப்பட்டு நிற்க, அதன் பிறகே முதியவர் கம்பியை விடாமல் இறங்க வேண்டும். இதற்கு ஆகும் ஒரு நிமிஷத்தை எந்தக் கண்டக்டரும் எந்த டிரைவரும் மனமுவந்து கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். கேட்பதற்கு நாம்தான் சங்கோசப்படுகிறோம்.

வண்டியைக் கொடுத்துவிட்டால் விழுவது நின்றுவிடும் என்பது தவறான எண்ணம். 2001 முதல் 2006 வரையான விவரங்களைக் கொண்டு அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து நடக்கையில் விழுந்து அவசர சிகிச்சைக்கு வந்த முதியவர்கள் ஆண்டுக்குச் சுமார் 47,000 பேர் என்றும், அவர்களில் 87 விழுக்காட்டினர் வாக்கர் பிடித்தவர்கள் என்றும் தெரியவந்தது. ஏற்கெனவே தள்ளாடுகிறவர்களே வாக்கர் பிடிப்பார்கள் என்பதால் பழி முழுவதையும் கருவியின்மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் கருவி ஒன்றே காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு நடைக்கருவிகளை இலவசமாக வழங்கும் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் 1 முதல் நடைபெறுகிறது. 1972இல் நிறுவப்பட்ட கான்பூரின் அலிம்கோ நிறுவனம் அவற்றைச் செய்து கொடுக்கிறது. தர்மசிந்தை உள்ளவர்களும் சங்கங்களும் ஆங்காங்கே கொடுக்கிறார்கள். பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். அனைவருக்கும் என் விண்ணப்பம் ஒன்றே. கொடுக்கிற அன்றைக்கு அரை மணி நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். உயரத்தை அளந்து பொருத்துங்கள். பூட்டவும், அமரவும், எழவும் சொல்லிக்கொடுத்து, அவர்களையே திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள். மடிப்பதையும் விரிப்பதையும் வீட்டிலுள்ள ஒருவர் கையால் செய்து பழகிய பிறகே விடைபெறுங்கள். வாங்குகிறவர்களும் அதை யாசகமாக எண்ணிக் கூசாமல் உரிமையாகவே கேட்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடும் கிராம சபையில் சாலையும் குடிநீரும் கேட்கிற நாம், ரேஷன் கடைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் கணக்குப்படி ஒரு சரிவுப் பாதையும் கேட்டுத் தீர்மானத்தில் எழுதிவைக்கலாம். அதற்கு ஆகும் சிமெண்டு சில மூட்டைதான். பெற்று வளர்த்தவர்கள் தங்கள் அரிசியைத் தாங்களே போய் வாங்கி வருகிற கௌரவத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு, இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வழி எனக்குத் தெரியவில்லை.