வாடகைக்குப் போவது தொட்டியா, தண்ணீரா?

டிப்ளோமா கடைசிப் பருவத்தில் இருக்கும் என் முன்னாள் மாணவர்கள் இருவர் சென்ற மாதம் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார்கள். கேமரன் மலையில் தங்கும் வீடுகளுக்கு வெந்நீர்த் தொட்டி வாடகைக்கு விடப் போகிறார்களாம். காற்றடைத்து நிமிர்த்தும் தொட்டி, நால்வர் உட்காரலாம், குமிழி வரும். நம் பிள்ளைகள் ‘ஜக்கூசி’ என்று சொல்வது இதைத்தான். ஈப்போவில் வாங்கி வைத்துக்கொண்டு, சிம்பாங் பூலாய் பாதை வழியாக வேனில் ஏற்றிப் போய் இறக்க வேண்டியதுதான்.

“சார், ரெண்டு தொட்டி. வெள்ளி, சனி ரெண்டு ராத்திரி. மாசம் எட்டு ராத்திரி. ஒரு ராத்திரிக்கு 250 வெள்ளி. மாசம் 4,000 வெள்ளி சார்!”

பெருக்கல் சரிதான். தொட்டிக்கும் வேன் முன்பணத்துக்கும் காசு எங்கே என்று கேட்டேன். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகப் போகிறது.

வியாபாரம் செய்ய நினைக்கும் இளையோரை நான் தடுப்பவன் அல்லன். வெப்ப நாட்டில் வெந்நீரை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று சிரிக்கவும் மாட்டேன். சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கும் தம்புனுக்கும் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் நாம்தானே. சாயங்காலமானால் குளிரெடுக்கும் பிரிஞ்சாங்கில் இதற்கு ஆள் கிடைக்கும். ஆனால் அந்தத் தாளில் தொட்டிக்குக் கணக்கு இருந்தது, தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. இன்று இணையத்தில் பார்த்து ‘வாடகைத் தொழில்’ தொடங்கத் துடிக்கும் பலருக்கும் இதே கோளாறு இருக்கிறது. பொருளை வாங்கிவிட்டால் அதுவே சம்பாதித்துக் கொடுக்கும் என்று நம்புகிறார்கள்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அப்படிப்பட்ட தொட்டி ஏறத்தாழ 1,000 லிட்டர் பிடிக்கும். மலையில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை 39 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். படிவம் நான்கு இயற்பியலில் படித்த தன்வெப்பக் கணக்கே போதும்: ஒரு லிட்டர், ஒரு டிகிரி, 4.2 கிலோஜூல். ஆக மொத்தம் சுமார் 22 யூனிட் மின்சாரம். சாதாரண மூன்று முனை பிளக்கில் ஓடும் 2 கிலோவாட் சூடேற்றி என்றால் 11 மணி நேரம் ஆகும். குளிர்காற்றில் இழக்கும் வெப்பத்தை இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். வெள்ளி இரவு வாடகைக்கு எடுத்தவர் சனி மதியம் 12 மணிக்கு வீட்டைக் காலி செய்கிறார். தண்ணீரை வெளியேற்ற ஒரு மணி நேரம். கழுவித் துடைத்து, மடித்து, வேனில் ஏற்றி, அடுத்த வீட்டில் இறக்க இன்னொரு மணி நேரம். தோட்டத்து ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்குப் பிறகு 11 மணி நேரம். சனி இரவு எட்டு மணிக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டு இறங்கலாம் என்று காத்திருப்பவர், ஞாயிறு அதிகாலையில்தான் வெந்நீரைப் பார்ப்பார்.

“கேஸ் ஹீட்டர் வெச்சா?” என்றான் இன்னொருவன். நல்ல கேள்வி. நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மலையேறும் கவலை கூடவே வரும். மின்சாரத்தில்தான் என்றால் ஒரு தொட்டி வாரத்துக்கு ஒரு வாடகைக்கு மேல் போகாது. 4,000 வெள்ளி அப்போதே 2,000 ஆகிவிட்டது. வேன், பெட்ரோல், மருந்து இவற்றை அதிலிருந்துதான் கழிக்க வேண்டும். அவர்கள் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

பணத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இதை இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். நம்மவர்களுக்கு வாடகைத் தொழில் புதிதல்ல. கூடாரம், நாற்காலி, பந்திப் பாத்திரம், மணவறை என்று வாடகைக்கு விட்டே பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கியவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நாற்காலி சாம்பார்க் கறையோடு திரும்பி வந்தால் கழுவினால் போதும். கழுவ மறந்தாலும் திட்டுதான் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் அப்படி இல்லை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். குமிழி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் ஏறி, மூச்சோடு நுரையீரலுக்குள் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும்.

1999ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பொவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. விற்பனைக்காக அங்கே ஒரு வெந்நீர்த் தொட்டியை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அதில் யாரும் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனவர்களில் ஏறக்குறைய 200 பேர் நோயில் விழுந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

குளோரின் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகும், சரியான அளவில், இடைவிடாமல் இருந்தால். வெந்நீரில் குளோரின் வேகமாகத் தீர்ந்துபோகும். நால்வர் இறங்கி ஏறினால் இன்னும் வேகம். பத்து லட்சத்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அதைச் சோதனைத் தாளில் பார்த்துச் சொல்ல இரவு பத்து மணிக்கு அங்கே யார் இருப்பார்? தொட்டியைத் தேய்த்துக் கழுவினாலும் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் படிந்த வழுவழுப்பு அப்படியே இருக்கும். அந்தப் படலத்தில்தான் கிருமி குடியிருக்கிறது.

பாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். நால்வர் உட்கார்ந்தால் 1,300 கிலோ அளவுக்கு வந்துவிடும். இரண்டு மீட்டர் அகலத் தொட்டியின் கீழே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 400 கிலோவுக்கு மேல். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன. மாடி பால்கனியில் வைத்தால் படம் அழகாக வரும் என்று வாடிக்கையாளர் கேட்பார். முடியாது என்று சொல்லும் தைரியம் இருபது வயதில் வர வேண்டும், அதுவும் முன்பணம் வாங்கிய பிறகு.

‘அசம்பாவிதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமைகளை அப்படி எழுதி நீக்கிவிட முடியாது. எஸ்எஸ்எம்மில் வணிகப் பெயரைப் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளிதான். பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் அப்படிப் பதியும் தனியாள் வணிகத்தில் கடையின் கடன் வேறு, முதலாளியின் கடன் வேறு என்பது கிடையாது. வழக்கு வந்தால் சங்கிலியோடு நிற்காது. டெக்குன் போன்ற இடத்தில் கடன் வாங்கினாலும் அது கடன்தான், மானியம் அல்ல. பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்ற சொல்லை அவர்கள் அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டார்கள். படிப்போ வணிக நிர்வாகம்! இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கல்லூரிகளில் ‘வணிகத் திட்டம்’ எழுதச் சொல்கிறோம், வண்ணப் படத்தோடு படைக்கச் சொல்கிறோம், சந்தை எவ்வளவு பெரிது என்று கேட்கிறோம். யாருக்காவது உடம்புக்கு வந்தால் என்ன செய்வாய் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

அப்படியானால் விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. தொட்டி வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். தங்கும் வீட்டுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். தொட்டி வாங்கிப்போட்டுவிட்டுப் பராமரிக்கத் தெரியாமல் தவிப்பவர் ஒருவராவது அகப்படுவார். அவருடைய தண்ணீரைச் சோதிப்பது, குழாயைக் கழுவுவது, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது, 40 டிகிரிக்கு மேல் ஏறாமல் வைப்பது, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுவது. முதலில் ஓர் அனுபவசாலியோடு போய்க் கற்றுக்கொண்டு, இதைக் கட்டணத்துக்குச் செய்து கொடுக்கலாம். சோதனைப் பெட்டி, கையுறை, தேய்க்கும் தூரிகை, போக்குவரத்துச் செலவு, இவ்வளவுதான் முதல். அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருக்கும். ஆறு மாதம் இப்படி அலைந்தவனுக்கு எந்தத் தொட்டி சீக்கிரம் ஒழுகும், எந்த வீட்டுக்காரர் காசைச் சரியாகக் கொடுப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதன்பிறகு வாங்கும் தொட்டி வேறு.

புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டு அனுப்பினேன். மருந்து கலந்த அந்த 1,000 லிட்டரை மலையில் எங்கே கொட்டுவீர்கள்? கீழ்ப்படியில் யாரோ ஒருவருடைய காய்கறித் தோட்டம் இருக்குமே. சென்ற வாரம் குறுஞ்செய்தி வந்தது. ஒரு தங்கும் வீட்டுக்காரரிடம் இதையே கேட்டார்களாம். அவரும் இதுவரை யோசித்ததில்லையாம். சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.