ஐந்தாம் வருஷத்து வண்டி

ஜன நெரிசல் மிக்க நகரங்களுக்கென்று சிறிய மின்சார வண்டிகளைக் கற்பனை செய்து, அவற்றின் மாதிரிகளைப் பொருட்காட்சிகளில் நிறுத்திக் காட்டும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1985 ஜனவரியில் இங்கிலாந்தில் கிளைவ் சின்க்ளேர் 399 பவுன் விலையில் வெளியிட்ட ஒற்றை ஆள் சி5 வண்டி முதலாக, 2010-இல் ஷாங்காய் உலகப் பொருட்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனம் இரண்டே சக்கரங்களின் மேல் நிலைநிறுத்திக் காட்டிய ஈ.என்-வி, 2013-இல் ஜெனீவாவில் டொயோட்டா கொண்டுவந்த, வளைவுகளில் தானே சாய்ந்து திரும்பும் ஐ-ரோடு ஈறாக, இந்த வம்சத்தின் வரிசை நீண்டது. அவற்றுள் விளைந்த யந்திர நுட்பமும் மெய்யாகவே உயர்ந்தது. அந்த நுட்பத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் அவ்வண்டிகளின் வரைபடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டிப் பார்க்கும் நம் பொறியியல் தொழிலினர், அவை பெரும்பாலும் ஒரே மனிதரை மனத்தில் இருத்தி வரையப்பட்டவை என்பதைக் காணாமல் இருக்க முடியாது. அவர் தனியாகப் பிரயாணம் செய்கிறவர். கையில் ஒரு பைக்கு மேல் சுமையில்லாதவர். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் வசதி உள்ளவர். நகரத்திலேயே குடியிருந்து, நகரத்துக்குள்ளேயே போய்த் திரும்புகிறவர்.

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்துக்குக் கிழக்கே, வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் தென்னையும் விளையும் ஜெயமங்கலத்திலிருந்து காலை வேளையில் மேல்மங்கலம், வடுகபட்டி வழியாகப் பெரியகுளத்துக்கும் அப்பால் தேனிக்கும் போகும் சாலையில் சிறிது நேரம் நிற்கிற எவருக்கும், மேற்சொன்ன மனிதர் அங்கே அபூர்வம் என்பது விளங்கிவிடும். வாழைத்தாரை முன்பக்கம் சாய்த்து, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறவர் உண்டு. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குச் சாக்கு மூட்டையோடு போகிறவர் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தாயாரை அழைத்துப் போகும் மகன், பள்ளிக்கூடப் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்த ஆட்டோ, பாத்திரமும் பந்தல் சாமானும் ஏற்றிய ‘குட்டியானை’ச் சரக்கு வண்டி, எல்லாம் அந்தச் சாலையில் உண்டு. தேனி நேரு சிலையருகே மதுரைச் சாலையும் பெரியகுளம் சாலையும் கம்பம் சாலையும் கூடும் இடத்தில் நாம் காணும் நெரிசலில் பெரும் பகுதி இத்தகைய கிராமங்களில் புறப்பட்டு அங்கே வந்து சேர்வதே. ஊருக்குள் ஓடும் வண்டியைக் குறுக்கினால் நெரிசல் குறையும் என்று கணக்கிடுகிறவர், அந்த ஓட்டத்தின் முதற்பாதி ஊருக்கு வெளியே, ஏற்றிய சுமையோடு தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்.

இந்தத் தேவையை ஒரு முறை நம் நாட்டு வண்டி ஒன்று சரியாக அறிந்துகொண்டது. 1980-இல் ஓசூரிலிருந்து இருவர் அமரும் மொபெட்டாக டி.வி.எஸ். 50 வெளிவந்தபோது, அதன் ஆசனத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருந்த திறந்த இடம் எவ்வளவு பெரிய காரியம் செய்யப் போகிறது என்பதைக் கிராமத்து ஜனங்களே உபயோகித்துக் காட்டினார்கள். புல்லுக்கட்டும் பால் கேனும் உர மூட்டையும் அந்த இடத்தில் ஏறின. பின்னர் வந்த ரகங்கள் அந்த இடத்தைக் காத்து, சட்டத்தையும் பின் தாங்கியையும் பலப்படுத்தின. பெரும் பொருட்காட்சி எதிலும் அந்த வெற்றிடத்தை ஒரு கண்டுபிடிப்பாக எவரும் எடுத்துக் காட்டியதில்லை; அது உபயோகிப்பவர் கையில் பிறந்த வடிவம். சிறிய மின்சார வண்டி வரைய உட்காரும் நம் இளைஞர்கள் இதைக் காட்டிலும் நல்ல பாடத்தை ஜெனீவாவில் பெற மாட்டார்கள் என்பது எம் அபிப்பிராயம்.

சிறிய வண்டி என்ற எண்ணம் நமக்குப் புறத்தேயிருந்து வந்ததுமன்று. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இருவர் செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை நிர்மாணித்தார். அரசாங்கத்தின் உற்பத்தி அனுமதி கிடைக்காமையால் அது நின்றுபோயிற்று. 1993-இல் கேரளத்துச் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் ‘லவ்பேர்ட்’ என்ற இரு ஆசன மின்சாரக் காரை டெல்லி வாகனக் கண்காட்சியில் நிறுத்தியது. விற்றவை மிகச் சில. பெங்களூரில் சேத்தன் மைனி 2001-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ரேவா’, எட்டு ஈய-அமில பேட்டரிகளைத் தொடராக இணைத்த 48 வோல்ட் வண்டி. ஒரு முறை மின்சாரம் ஏற்றினால் 80 கிலோமீட்டர் என்பது அதன் கணக்கு. இந்த மூன்றில் ரேவாவின் சரித்திரத்தையே நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். சொந்த நாட்டில் அது தயங்கித் தயங்கி விற்றது. அதே வண்டி ‘ஜி-விஸ்’ என்ற பெயரோடு லண்டனுக்குப் போனபோது, அங்கே 2003 முதல் நகர மத்தியில் நுழையும் கார்களுக்கு விதிக்கப்பட்ட நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்குப் பெற்றதனால், தேடி வாங்குவோர் கிடைத்தார்கள். வண்டி மாறவில்லை, தெருவின் சட்டம் மாறியிருந்தது. அதே இங்கிலாந்தில் 2007-இல் நடந்த மோதல் பரீட்சைகள் அதன் பாதுகாப்பின்மையை வெளிப்படுத்தின என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ‘குவாட்ரிசைக்கிள்’ என்ற இலேசான வகுப்பில் பதிவு செய்யப்பட்டதால் கார்களுக்குரிய கட்டாயச் சோதனைகளுக்கு அது உட்படவில்லை. நம் நாட்டிலும் 2018 நவம்பரில் சொந்த உபயோகத்துக்கு அந்த வகுப்பு திறந்துவிடப்பட்டிருக்கிறது. சட்டம் இலகுவாக இருக்கிறது என்பதற்காக உள்ளே அமரும் மனிதரின் எலும்பும் இலகுவாகிவிடாது; இவ்விஷயத்தில் நம் தொழிலினர் சட்டம் கேட்பதைவிட அதிகமாகத் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரேவாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதன் தோற்றத்தையும் வேகத்தையும் பேசுகிறார்கள். அதைச் சொந்தமாக வைத்திருந்தவர்களோ பேட்டரியைப் பற்றிப் பேசினார்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை எட்டையும் மாற்றவேண்டி வந்த செலவு, நாள்தோறும் மிச்சமான பெட்ரோல் காசை ஒரே நாளில் விழுங்கியது. இந்த அனுபவம் தமிழ்நாட்டில் இன்றும் வேறொரு வண்டியின் வடிவில் நம் கண்முன் நிற்கிறது. மாநாடுகளில் அதை எவரும் மின்சார வாகனமாக எண்ணிப் பேசக்கூட மாட்டார்கள். ஊராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் தூய்மைப் பணியாளர்கள் குப்பை சேகரிக்க ஓட்டும் மூன்று சக்கர பேட்டரி வண்டியையே சொல்கிறோம். ஒடுங்கிய தெருவுக்குள் சத்தமின்றி நுழைகிற, வாசலுக்கு வாசல் நின்று புறப்படுகிற, பச்சையும் நீலமுமான தொட்டிகளோடு சுமை தாங்குகிற, உரிமையாளரல்லாத பலர் கைமாற்றி ஓட்டுகிற இந்த எளிய வண்டிதான், நெரிசலான குடியிருப்புக்கென்று நம் மாநிலம் மெய்யாகவே நிறைய ஓட்டிப் பார்த்த சிறிய மின்சார வாகனம். எத்தனை ஊர்களில் இவை அலுவலகக் கொட்டகைக்குப் பின்னால் சக்கரம் மண்ணில் அழுந்த நிற்கின்றன என்பதைப் பயணம் செய்யும் எவரும் கண்டிருப்பார்.

அவற்றில் ஒன்றை ஒரு சாலையோரப் பட்டறையில் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாள் மெக்கானிக்கிடம், “அண்ணே, மேட்ல சத்தம் மட்டும் வருது, வண்டி வர மாட்டேங்குது” என்றார். ஆசனத்தைத் தூக்கினால் நான்கு பேட்டரிகள். முனைகளில் வெள்ளையாகப் பூத்த உப்பு. ஒரு பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் தகடுகளின் மேல்விளிம்புக்கு வெகு கீழே இறங்கியிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது மூன்று ஏறக்குறைய நல்ல நிலையில் இருந்தன, நான்காவது மட்டும் சுமை ஏறியதும் சரிந்தது. தொடராக இணைத்த அமைப்பில் பலவீனமான ஒன்றே எல்லாவற்றின் எல்லையையும் நிர்ணயிக்கிறது என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், பழைய மூன்றும் புதியதும் ஒரே அளவில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளாமல் மறுபடியும் சமநிலை குலையும். நான்கையும் மாற்றவோ பணத்துக்கு அனுமதி வரவேண்டும். மெக்கானிக் இதையெல்லாம் நன்றாக அறிந்திருந்தார். அவரிடம் இல்லாதவை அந்த வண்டியின் கன்ட்ரோலருக்கு ஒரு வரைபடமும், அதற்கு மாற்று உறுப்பு கிடைக்கும் ஒரு கடையின் விலாசமுமே.

ஈய-அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி உஷ்ணத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது தொழிலில் பழகிய கணக்கு. கோடை வெயிலில், தகட்டு ஆசனத்தின் கீழ், காற்றோட்டமில்லாத பெட்டியில் வைத்த பேட்டரிக்கு விற்பனைத் தாளில் எழுதிய ஆயுளை எதிர்பார்ப்பது நியாயமன்று. லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகை உஷ்ணத்தை ஓரளவு நன்றாகத் தாங்குகிறது, இரண்டாயிரம் சுற்றுகளுக்கு மேலும் உழைக்கிறது. ஆனால் பட்டறைக்காரர் திறக்கவே கூடாதபடி மூடி முத்திரையிட்ட பெட்டியாக அது வருமானால், ஒரு செல் கெட்டதற்காக முழுப் பெட்டியையும் எறியும் நிலையே மீளும். செல்களைத் தொகுதி தொகுதியாகக் கழற்றி மாற்றும்படி அமைப்பதும், கோளாற்றை வண்டியே எளிய குறியால் காட்டும்படி செய்வதும் வரைபட நிலையிலேயே தீர்மானிக்க வேண்டியவை. பிற்பாடு ஒட்டவைக்க முடியாதவை.

பாதையின் கணக்கையும் பார்ப்போம். வண்டி, ஓட்டுநர், இரண்டு பேர், ஒரு மூட்டை எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்று கொண்டால், ஜெயமங்கலம் சாலை போன்ற சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சக்கரத்தில் ஒரு கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைந்த சக்தியே போதும். நஷ்டங்களையும் சேர்த்து 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு யூனிட் மின்சாரம் ஆகலாம். அதே வண்டி அதே வேகத்தில் நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் ஏற்றத்தில் செல்லவேண்டுமானால் நாலு கிலோவாட்டைத் தாண்டிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஈ-ரிக்‌ஷாவுக்கு வகுத்த 4,000 வாட் உச்ச வரம்புக்குள் அது அடங்காது. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மட்டுமே 1.9 யூனிட் செலவாகும். அதாவது சமவெளியில் 40 கிலோமீட்டர் ஓடும் சக்தியை உயரம் ஒன்றே எடுத்துக்கொள்ளும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியை மீட்கலாம் என்றாலும், மலைமேல் பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால் மீட்ட சக்தியை ஏற்க அதில் இடமிராது, பிரேக்கின் பாரம் முழுவதும் சக்கரத்தின் லைனிங்கில் விழும். ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரைத் தினமும் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் இடத்தில் சிறு மின்சார வண்டியை வைக்கலாமென்று கனவு காணும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கவேண்டும். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே வண்டி என்ற ஆசையை விட்டுவிடுவதே நல்லது. சமவெளிக்கான வண்டி எளிதாகவும் மலிவாகவும் அமையும் வாய்ப்பை அந்த ஆசை கெடுத்துவிடும்.

சமவெளி வண்டியும் பேருந்துக்குப் போட்டியாக அமையக்கூடாது என்பதில் எமக்குத் திடமான கருத்துண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். பெரியகுளம் பக்கத்துக் கூலிப் பெண்ணின் மாத வரவுசெலவில் அது செய்திருக்கும் உதவியை எந்தச் சிறு வண்டியாலும் செய்ய முடியாது. பேருந்து நில்லாத குடியிருப்பிலிருந்து அது நிற்கும் சாலைக்கும், தேனியில் இறங்கிய இடத்திலிருந்து மூட்டையோடு கடைத்தெருவுக்கும் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் நம் வண்டிக்கு வேலை இருக்கிறது. அதற்கு மூன்று ஆசனமும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மிகாத ஒரு சுமைத் தட்டும், மழைக்குக் கூரையும் போதும். கதவு கூட வேண்டியதில்லை. தனியொருவர் வாங்கி நிறுத்திவைப்பதைவிட, ஊராட்சியோ மகளிர் சுயஉதவிக் குழுவோ வைத்து நடத்துவதே அதன் நாளோட்டத்தைக் கூட்டி, பேட்டரியின் கிரயத்தை அதிகப் பிரயாணங்களின் மேல் பரப்பும்.

ஆகவே இவ்வாண்டு முதல் எம் இதழுக்கு வரும் மாதிரி வண்டிக் கட்டுரைகளோடு மூன்று விஷயங்களையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்: முழுச் சுமையோடு ஏற்றத்தில் எடுத்த அளவீடு, உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்குச் செய்த சோதனை, பட்டறைக்காரர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதிய பழுதுபார்க்கும் வரைபடம். இவை இல்லாத கட்டுரைகளை அவற்றின் அழகுக்காக மட்டும் பிரசுரிக்கமாட்டோம். ஐந்து வருஷம் ஓடிய பேட்டரி வண்டி எதையேனும், குப்பை வண்டியேயானாலும், பிரித்துப் பார்த்தவர்கள் அதன் நிலையை எழுதி அனுப்பினால், அடுத்த இதழின் முதற் பக்கங்களை அதற்கே ஒதுக்குவோம்.