படப் புத்தகமா, சுற்றறிக்கையா?

முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை தட்டச்சு செய்தவன் நான். 'அறிவுறுத்தப்படுகிறது' என்று முடியும் தாளை ஒருவரும் ஆசையாகப் படித்ததில்லை. இப்போது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வரும் படப் புத்தகங்கள் பலவும் அதே ரகமாகிவிட்டன.

'காய்கறி நல்லது. சிப்ஸ் கெட்டது. தினமும் ஓடு.' பக்கத்துக்கு ஒரு கட்டளை. கேரட்டுக்குக் கண்ணும் வாயும் வரைந்தால் கதையாகிவிடுமாம். அதைவிடக் கொடுமை, குண்டுப் பையன் ஒருவன் கடைசியாக மூச்சிரைக்க ஓடுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். வகுப்பில் அதே உடல்வாகுள்ள குழந்தை அந்தப் பக்கத்தில் எதைக் கற்றுக்கொள்ளும்? சாப்பாட்டைப் பற்றியா? தன் உடம்பை வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

எரிக் கார்ல் 1969-இல் ஒரு பசித்த புழுவின் கதை எழுதினார். திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று தின்றுகொண்டே போகும். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் என்று கண்டதையும் தின்று வயிற்றுவலி. மறுநாள் ஒரு பச்சை இலை, வலி குறைகிறது. உபதேசம் ஒரு வரிகூடக் கிடையாது. புழு துளைத்த ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டே பிள்ளை எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரிசில் 1931-இல் போல் ஃபோஷே தொடங்கிய 'பேர் காஸ்தோர்' வரிசையும் அப்படித்தான். விலை குறைவு, படம் அழகு. அணிலும் முயலும் காட்டில் எப்படி வாழ்கின்றன என்று காட்டினார்கள், கட்டளையிடவில்லை.

நம் ஊருக்குப் புத்தகம் செய்பவர்கள் ஏன் ப்ரோக்கோலியையும் ஸ்ட்ராபெர்ரியையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு காலைப்பொழுது போய்ப் பாருங்கள். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை. வாரத்துக்கு ஒரு கதை போதும். நாவல்பழம் தின்று நாக்கு ஊதாவாவதை வரைந்தால் எந்தப் பிள்ளை சிரிக்காது?

'சர்க்கரை நோய் பெருகும் காலம், சின்ன வயதிலேயே சொல்ல வேண்டாமா?' என்று கேட்பீர்கள். சொல்லலாம். ஆனால் கடைக்குப் போய் வாங்குவது பிள்ளையல்ல, நாம். நாம் மிக்சர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு 'பழம் சாப்பிடு' என்று வாசித்தால், பிள்ளை பார்ப்பது தட்டைத்தான்.

உடற்பயிற்சியும் இப்படியே. மூன்று, நான்கு வயதில் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மைதானமே இல்லை. அங்கே குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து ஓட்டப்பந்தயப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள்!

தாத்தா பாட்டிகளே, நமக்கு நேரம் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு நல்ல கதையாகப் பார்த்து வாசியுங்கள். பிறகு மார்க்கெட் வரை நடத்திக் கூட்டிப்போய், கீரைக்கட்டை அதன் கையாலேயே எடுக்க விடுங்கள்.