ஒட்டுத்துணிக்கு என்ன வெட்கம்?

எங்கட ஊர்களில் ஒட்டுப்போட்ட துணி என்றாலே வறுமைதான் நினைவுக்கு வரும். பிள்ளை பிறந்த வீட்டுக்கு பொலியெஸ்டர் பேபி செட் வாங்கிக்கொண்டு போனால்தான் மரியாதை. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி நினைப்பது சரியில்லை என்கிறோம்.

பலதரம் கழுவிய பருத்திச் சாரத்தின் மென்மை புதுத்துணியில் வராது. வாப்பாவின் பழைய சாரம், உம்மாவின் பருத்திச் சாரி இரண்டையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டுங்கள். முதலில் வரிசை வரிசையாகத் தைத்து, பிறகு வரிசைகளை இணையுங்கள். அடியில் ஒரு முழுத்துணி வைத்து, சேர்த்து ஓட்டுத் தையல் போட்டால் முடிஞ்சுது. நம்ம வெயிலுக்கு நடுவில் பஞ்சு தேவையில்லை. தூங்கும் கைக்குழந்தைக்குப் போர்த்த வேணாம். முழிச்சிருக்கும்போது தரையில் விரித்துக் கிடத்தலாம்.

வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவை உலகம் கொண்டாடுகிறது. அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளிலிருந்து தைத்த விரிப்புகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின. அவர்களும் இல்லாமையில், குளிருக்காகத் தைத்தவர்கள்தான்.

ஆனால் ஒன்று. இதை ‘பொம்பிளைகள் சும்மா இருக்கிற நேரத்து வேலை’ என்று சொல்லி ஓசியில் தைத்து வாங்கக் கூடாது. தைக்கிறவருக்குக் கூலி கொடுக்க வேணும். பொடியன்மாரும் ஊசி பிடிக்கட்டும். டவுனில் டெய்லர் கடை வைத்திருக்கிறவங்க ஆம்பிளைகள்தானே?