ஒரு கைக்கெடிகாரம் ரூ.115 கோடி! ஏன் இந்த விலை?

கையில் கட்டும் கெடிகாரம். விலை 115 கோடி ரூபாய்!

அச்சுப் பிழை அல்ல. 2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் நகரில் நடந்த ஏலத்தில், பழைய கைக்கெடிகாரம் ஒன்று 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் 115 கோடி.

தங்கத்தில் செய்ததா? இல்லை. வைரம் பதித்ததா? அதுவும் இல்லை. நம் வீட்டுச் சமையல் அறையில் எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த உருக்கில் செய்தது. செய்தவர்கள் 'ரோலக்ஸ்' கம்பெனியார். கட்டி இருந்தவர் பால் நியூமன் என்ற ஆலிவுட் நடிகர்.

நியூமனுக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். அவருடைய மனைவி ஜோன் உட்வர்டும் நடிகைதான். கணவர் பந்தயத்தில் காரை விரட்டுகிறாரே என்று அவருக்குக் கவலை. இந்தக் கெடிகாரத்தை வாங்கி, ஜாக்கிரதையாகக் கார் ஓட்டும்படி அதன் பின்பக்கத்தில் எழுத்து வெட்டிப் பரிசாகக் கொடுத்தார். அப்போது கடையில் அதன் விலை சில நூறு டாலர்தான்.

1984-ல் ஒரு நாள், மகளின் நண்பரான ஓர் இளைஞரிடம் நியூமன் மணி கேட்டார். தன்னிடம் கெடிகாரம் இல்லை என்றார் இளைஞர். "இதை வைத்துக்கொள்" என்று நியூமன் இந்தக் கெடிகாரத்தையே கொடுத்துவிட்டார்! அதுதான் 33 ஆண்டுகள் கழித்து ஏலத்துக்கு வந்தது.

சில நூறு டாலர், 1 கோடியே 77 லட்சம் டாலர் ஆனது எப்படி? கெடிகாரத்தில் ஒரு சக்கரம் கூடவில்லை. ஒரு முள் கூடவில்லை. கதை கூடிவிட்டது!

கோடீசுவரர்கள் சமாசாரம் நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது, "மாப்பிள்ளைக்கு நல்ல வாட்ச் ஒன்று" என்று ஒரு பேச்சு வருகிறது. நல்ல வாட்ச் என்றால் 2 ஆயிரமா, 20 ஆயிரமா, 2 லட்சமா? பெண்ணைப் பெற்றவர் கடைக்குப் போய் விழிக்கிறார். கடைக்காரர் சொல்லும் பெயர்கள் அவருக்குப் புரிவது இல்லை. "விலை கூடினால் சரக்கும் கூடுதலாகத்தானே இருக்கும்?" என்று நினைத்து, கடன் வாங்கியாவது பெரிய தொகையைக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தொகை எதற்குப் போகிறது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா?

மணி காட்டுவதற்கு அல்ல!

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். விலை கூடக் கூட, மணி சரியாகக் காட்டுவதும் கூடும் என்பது உண்மை அல்ல.

கெடிகாரத்தில் பெரிய பிரிவு இரண்டு. ஒன்று, சாவி கொடுக்கும் ஜாதி. உள்ளே சுருள்வில் இருக்கிறது. அதைச் சுற்றி முறுக்கினால், அது மெல்ல மெல்ல அவிழ்ந்து பற்சக்கரங்களை ஓட்டுகிறது. கையை அசைத்தாலே தானாக முறுக்கிக் கொள்ளும் கெடிகாரமும் இந்தப் பிரிவுதான். இன்னொன்று, பேட்டரி போடும் ஜாதி. இதற்கு உயிர் கொடுப்பது 'குவார்ட்ஸ்' என்ற படிகக் கல். பேட்டரியின் மின்சாரம் பட்டதும் அந்தக் கல் ஒரு வினாடிக்கு 32 ஆயிரத்து 768 தடவை அதிர்கிறது. இதில் தவறு வர இடம் குறைவு.

சாவி கெடிகாரத்தில் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறு சக்கரம். இந்தக் காலத்துக் கெடிகாரம் பலவற்றில் அது வினாடிக்கு 8 தடவை அசைகிறது. ஒரு நாளைக்கு 6 லட்சத்து 91 ஆயிரத்து 200 அசைவுகள்! சூடு, குளிர், கையின் ஆட்டம் எல்லாம் அதைப் பாதிக்கும். சுவிட்சர்லாந்தில் கெடிகாரங்களைச் சோதித்துச் சான்று கொடுக்க ஒரு நிலையம் இருக்கிறது. கெடிகாரத்தின் எந்திரத்தை 15 நாள் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு 4 வினாடி பின்தங்கலாம். 6 வினாடி முந்தலாம். அதற்குள் ஓடினால் 'பாஸ்'. பாஸ் செய்த கெடிகாரமும் மாதத்துக்கு 3 நிமிடம் வரை தவறக் கூடும்.

கடைத்தெருவில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் பேட்டரி கெடிகாரம்? மாதத்துக்குச் சுமார் 15 வினாடிதான் தவறும். 10 லட்சம் ரூபாய்க் கெடிகாரத்தை ஆயிரம் ரூபாய்க் கெடிகாரம் தோற்கடித்துவிடுகிறது!

இந்த அதிசயம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானில் 'சீக்கோ' கம்பெனி முதல் குவார்ட்ஸ் கைக்கெடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 4 லட்சத்து 50 ஆயிரம் யென். அந்தப் பணத்துக்கு அன்று ஒரு சிறு கார் வாங்கலாம்! சில ஆண்டுகளில் விலை சரிந்து, சாதாரண மக்கள் கைக்கும் குவார்ட்ஸ் வந்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் பெரும் இடி விழுந்தது. 1970-ல் அங்கே சுமார் 90 ஆயிரம் பேர் கெடிகாரத் தொழிலில் இருந்தார்கள். 15 ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் அறுத்த குடும்பங்கள் வேலை இழந்தன.

தப்பிப் பிழைத்தவர்கள் இரண்டு வழியில் போனார்கள். ஒரு சாரார் 1983-ல் 'ஸ்வாட்ச்' என்ற மலிவுக் கெடிகாரத்தைக் கொண்டு வந்தார்கள். பிளாஸ்டிக் கூடு, மொத்தம் 51 உறுப்புகள்தான். மற்றவர்கள் நேர் எதிரான வழியில் போனார்கள். மணி காட்டுவதில் பேட்டரியை ஜெயிக்க முடியாது. ஆகவே கைவேலையையும் கௌரவத்தையும் விற்போம் என்று முடிவு செய்தார்கள். இன்றைய உயர்ந்த விலையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மலைக்கிராமத்துக் கைவேலை

கைவேலை என்றால் சாமானிய வேலை அல்ல. சுவிட்சர்லாந்தில் ஜூரா மலைப் பகுதியில் 'வாலே டெ ஜூ' என்று ஒரு பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் மாதக் கணக்கில் பனி மூடிவிடும். வயலில் வேலை கிடையாது. விவசாயிகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கெடிகாரத்துக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்தார்கள். அந்த நாட்டின் ஜெனிவா நகரத்துக் கதை வேறு. 16-ம் நூற்றாண்டில் ஜான் கால்வின் என்ற மதத் தலைவர் அங்கே நகை அணியும் ஆடம்பரத்துக்குத் தடை போட்டார். பொற்கொல்லர்கள் பிழைப்புக்காகக் கெடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள். நகை கூடாது, கெடிகாரம் கூடும்!

அந்தப் பள்ளத்தாக்கில் பிலிப் டூபூர் என்று ஒரு கெடிகாரக் கலைஞர். பழைய பள்ளிக்கூடக் கட்டடம்தான் அவருடைய பட்டறை. மணி, நிமிடம், வினாடி மட்டும் காட்டும் எளிய கெடிகாரம் ஒன்றை அவர் செய்தார். தேதி கூடக் காட்டாது. ஆண்டுக் கணக்கில் உழைத்து அவர் செய்தவை மொத்தம் சுமார் 200. உள்ளே இருக்கும் ஒவ்வொரு தகட்டின் ஓரத்தையும் சாய்வாகச் சீவி, மரக்குச்சியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல மின்ன வைப்பார். கெடிகாரத்தைப் பிரித்தால் ஒழியக் கண்ணில் படாத இடத்துக்கும் அதே பக்குவம்தான். 2020-ல் ஜெனிவா ஏலத்தில் அவருடைய கெடிகாரம் ஒன்று 13 லட்சம் பிராங்குக்கு மேல் போயிற்று. நம் பணத்தில் 10 கோடிக்கு மேல்!

இன்னொரு வகை, வித்தை காட்டும் கெடிகாரம். பொத்தானை அழுத்தினால் மணியும் நிமிடமும் கணக்குப்படி ஒலிக்கும். மாதத்துக்கு 30 நாளா, 31 நாளா, பிப்ரவரிக்கு 29 உண்டா என்பதை எல்லாம் சக்கரமே கணக்குப் போடும். இப்படிப்பட்ட கெடிகாரத்தை ஓட விட்டால், 2100-ம் ஆண்டு வரை தேதியைக் கையால் திருத்த வேண்டாம். 'பட்டேக் பிலிப்' கம்பெனியின் ஒரு கெடிகாரத்தில் இது போல 20 வித்தைகள். எந்திரத்தில் மட்டும் 1,366 உறுப்புகள். அதை எவர்சில்வர் உருக்கில் ஒன்றே ஒன்று செய்து, சதைச் சிதைவு நோய் ஆராய்ச்சி நிதிக்காக 2019 நவம்பரில் ஏலம் விட்டார்கள். 3 கோடியே 10 லட்சம் பிராங்க் கிடைத்தது. சுமார் 220 கோடி ரூபாய்! வாங்கியவர் கெடிகாரத்தையும் வாங்கினார்; தர்மமும் செய்தார்.

உழைப்புக்குக் கொடுக்கும் விலையை நாம் குறை கூற மாட்டோம். பட்டுப் புடவைக்கும் கைத்தறிக்கும் நெய்தவர் கைக்காகத்தானே கூடக் கொடுக்கிறோம்?

வரிசைக்கு ஒரு விலை

ஆனால் வேறு ஒரு விலை இருக்கிறது. அது உழைப்புக்குப் போவது அல்ல. தட்டுப்பாட்டுக்குப் போவது.

1972-ல் 'அடெமார் பிகே' கம்பெனி எவர்சில்வர் கெடிகாரம் ஒன்றுக்கு 3 ஆயிரம் பிராங்குக்கு மேல் விலை வைத்தது. உருக்குக்குத் தங்கத்தின் விலையா என்று அன்று சிரித்தார்கள். இன்று அந்த மாதிரிக்குக் காத்துக் கிடக்கிறார்கள். பட்டேக் பிலிப் கம்பெனியிலும் அப்படி ஓர் உருக்குக் கெடிகாரம் உண்டு. பெயர் 'நாட்டிலஸ்'. 2021-ல் அதில் 170 கெடிகாரங்களுக்கு மட்டும் 'டிபனி' என்ற நகைக்கடையின் நீல நிறத்தில் முகப்பு வைத்து, கடையின் பெயரையும் போட்டார்கள். கடை விலை 52 ஆயிரத்து 635 டாலர். ஏறக்குறைய 40 லட்சம் ரூபாய். அந்த 170-ல் ஒன்று, அதே டிசம்பரில் ஏலத்துக்கு வந்தது. 65 லட்சம் டாலருக்குப் போயிற்று! சுமார் 49 கோடி ரூபாய். எந்திரம் அதேதான். உருக்கும் அதேதான். முகப்பின் நிறமும் கடையின் பெயரும் 48 கோடி ரூபாய் பெறுமா?

பெயர் பெற்ற சில கம்பெனிகளில், கையில் பணத்தோடு போனாலும் கேட்ட கெடிகாரம் கிடைக்காது. "பெயர் எழுதி வையுங்கள்" என்பார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர், வெளிச் சந்தையில் கூடுதல் விலை கொடுக்கிறார். சினிமாக் கொட்டகை வாசலில் கறுப்பு டிக்கெட் விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கோட்டு போட்டுக் கொண்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்!

"கெடிகாரம் வாங்கிப் போட்டால் நிலம் போல விலை ஏறும்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். நம்பாதீர்கள். ஏறுவது ஒரு சில கம்பெனிகளின் ஒரு சில மாதிரிகள் மட்டுமே. அவையும் 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அதன் பிறகு சரிந்தன. பெரும்பாலான கெடிகாரங்கள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை குறைந்துவிடும்.

விலையில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்துக் கெடிகாரத்துக்கு நம் நாட்டில் இறக்குமதி வரி 20 சதவீதம் இருந்தது. 2025 அக்டோபர் 1-ந் தேதி அமுலுக்கு வந்த ஒப்பந்தப்படி இது ஆண்டுக்கு ஆண்டு குறையும். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆகவே ஒரே கெடிகாரம் ஊருக்கு ஊர் விலை மாறுவதில் ஆச்சரியம் இல்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துச் சரக்குக்கு 39 சதவீதம் வரி போட்டபோது, அங்கே கெடிகார வியாபாரிகள் அலறினார்கள்.

"சுவிஸ் மேட்" என்று போட்டிருந்தால் முழுவதும் அங்கே செய்தது என்று நினைக்க வேண்டாம். தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டில் ஆகி இருக்க வேண்டும் என்பதே 2017 முதல் உள்ள விதி. மீதி எங்கிருந்தும் வரலாம்.

ஓசூரைப் பாருங்கள்

நம் ஊரிலேயே இந்த இரண்டு உலகமும் இருக்கின்றன. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை இருக்கிறது. டாட்டா கம்பெனியும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. 2002-ல் அந்த நிறுவனம் கொண்டு வந்த ஒரு கெடிகாரத்தின் எந்திரம் 1.15 மில்லி மீட்டர் தடிமன்தான்! டைட்டன் கெடிகாரத்தைச் சில ஆயிரத்துக்கு வாங்கி வரலாம். அதே டைட்டன் 2025-ல் பத்தே பத்து கெடிகாரம் செய்தது. ஒன்றின் விலை 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். உள்ளே எந்திரத்தின் ஒரு பகுதி சுழன்று கொண்டே இருக்கும். 1801-ல் பாரிசில் பிரெகே என்ற கெடிகாரக்காரர் உரிமை பெற்ற வித்தை அது.

மாப்பிள்ளைக்கு வாங்கும் மாமனாருக்கு ஒரு வார்த்தை. பெரிய பெயருக்கு ஆசைப்பட்டால் போலி சரக்கு உங்களைத் தேடி வரும். ரோலக்ஸ் என்று பெயர் போட்ட புதுக் கெடிகாரத்தில் வினாடி முள் 'டக், டக்' என்று வினாடிக்கு ஒரு தடவை குதித்தால், அது போலி. ரோலக்ஸ் கம்பெனி இப்போது பேட்டரி கெடிகாரம் செய்வது இல்லை. முள் வழுக்கிக் கொண்டு ஓடினாலும் ஏமாந்துவிடாதீர்கள். அப்படி ஓடும் போலிகளும் உண்டு. ரசீது, உத்தரவாதச் சீட்டு, கெடிகாரத்தில் உள்ள எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் கடைக்காரரிடம் கேளுங்கள். "ரிப்பேர் ஆனால் எங்கே கொடுப்பது?" சாவி கெடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். பெரிய கம்பெனிகள் சில, உதிரி உறுப்புகளை வெளி ஆட்களுக்குக் கொடுப்பது இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்து ரிப்பேர் பார்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உறுப்பு கிடைக்காமல் என்ன செய்வார்? சென்னைக்கோ மும்பைக்கோ அனுப்பிவிட்டு, கெடிகாரம் திரும்பி வரும் வரை மாப்பிள்ளை பழைய பேட்டரி கெடிகாரத்தைக் கட்டிக் கொண்டு வேலைக்குப் போவார்.