‘நியாயமான நேரம்’ என்றால் எத்தனை மணி?

அரசு மருத்துவமனைகளில் அட்மிஷன் நாளன்று காலையில் டியூட்டிக்கு வரும் முதுநிலை மாணவருக்கு அன்றிரவு தூக்கம் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு, கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துக் கிடக்கும் நோயாளியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ட்ரிப் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருப்பார். ஹவுஸ் சர்ஜன் ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு லேபுக்கு நடப்பார். அதற்கு வேறு ஆள் இல்லை. விடிந்ததும் ரவுண்ட்ஸ், பிறகு வழக்கமான பகல் வேலை. விடுதிக்குத் திரும்பும்போது 36 மணி நேரம் ஓடியிருக்கும்.

உறைவிட மருத்துவர்களுக்காக மத்திய அரசு 1992 ஜூன் மாதமே ஒரு வரம்பு வகுத்தது: ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48. ‘சாதாரணமாக’ இதைத் தாண்டக் கூடாது என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே மருத்துவமனைகள் காலத்தை ஓட்டின. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகளில் அந்த எண்ணும் இல்லை. ‘நியாயமான நேரம்’ வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. எது நியாயம் என்பதைத் துறைத் தலைவர் தீர்மானிப்பார். பரீட்சையில் மதிப்பெண் போடுபவரும் அவரே. அவரிடம் எந்த மாணவர் போய் வாதாடுவார்?

2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தாவில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், 36 மணி நேரப் பணிக்கு நடுவே சற்றுக் கண்ணயரக் கருத்தரங்கக் கூடத்துக்குப் போனவர். அதன்பின் உச்ச நீதிமன்றமே இந்தப் பணிநேரம் மனிதத்தன்மையற்றது என்றது. அதே ஆண்டு ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம் என வரம்பு வைக்கப் பரிந்துரைத்தது. நமக்கு 74 அதிகமாகவே படுகிறது. ஆனாலும் அது ஓர் எண். மீறினால் மீறல் என்று சொல்ல முடியும்.

“நாங்களும் இப்படித்தான் கற்றோம்” என்கிறார்கள் மூத்தவர்கள். அவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் கண் செருகும் மருத்துவர் மருந்தின் அளவைத் தவறாக எழுதினால், விலை கொடுப்பது நோயாளி. நியூயார்க்கில் 1984இல் காய்ச்சலோடு வந்த 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனார். பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். தந்தை விடாமல் போராடியதால், 1989இல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டியது.

சம்பளத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘உதவித்தொகை’. வேலை வாங்கும்போது மருத்துவர், கூலி கேட்டால் மாணவர். ராணுவ மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஹவுஸ் சர்ஜன்களுக்கு மாதம் 25,000 ரூபாய் கிடைக்க, 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டு ஓட்டையை அடைப்பதுதான் நோயின் வேர்.

ஆணையம் விதியில் எண்ணை எழுத வேண்டும். இரவு டியூட்டிக்கு மறுநாள் ஓய்வைக் கட்டாயமாக்க வேண்டும். கணக்கெடுப்பது கடினம் என்று சொல்ல வழியில்லை. பேராசிரியர்கள் கல்லூரிக்கு வந்தார்களா என்று பார்க்க ஆதார் வருகைப்பதிவை ஆணையமே கட்டாயமாக்கியிருக்கிறது. பயிற்சி மருத்துவர் எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்பதையும் அதே கருவியில் பதியட்டும்.