வண்டி கழுவுகையில் விழும் மெல்லிய கீறல்கள்

வங்காளத்தார் செப்டம்பர் 17 அளவில் விசுவகர்மா பூஜை கொண்டாடுவதும், அடுத்த சில வாரங்களில் நம்மவர் ஆயுத பூஜை செய்வதும் யாவரும் அறிந்ததே. இவ்விரு பூஜைகளுக்கும் இடைப்பட்ட நாட்களில் கரியாஹாட்டின் சந்துகளில் காலை நேரத்தில் நடந்து செல்பவர் காணும் காட்சி ஒன்றே. வீட்டு வாயில்தோறும் ஒரு வாளி, ஒரு பழந்துணி, நீர் சொட்டும் ஒரு மோட்டார் வண்டி. ஆண்டு முழுவதும் கவனியாதவரும் அந்நாட்களில் வண்டியை அழுத்தித் தேய்த்துப் பளபளக்கச் செய்வர். பூஜை முடிந்து சில நாள் சென்றதும் வெயிலில் வண்டியைப் பார்த்தால், பானெட்டின் மேல் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய கோடுகள் தெரியும். உடனே பழி வண்டி கழுவும் பையன்மேல் விழும்.

இதில் இரண்டு நஷ்டங்கள் உள. பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்த குடும்பத்திற்கு வண்டி என்பது பல்லாண்டுச் சேமிப்பு. மாற்றல் உத்தரவு வந்தால் அதை விற்றுவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருக்கும். வாங்க வருபவர் எஞ்சினைக் கேட்குமுன் வண்ணத்தைப் பார்ப்பார். இது முதல் நஷ்டம். விடியுமுன் பல வீட்டு வண்டிகளைத் துடைத்துப் பிழைக்கும் ஏழையின் மாதக் கூலி பிடிக்கப்படுவது இரண்டாவது. காரணத்தைச் சரியாக அறிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

வண்டியின் மேற்பூச்சு ஒரே படலமன்று. தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், அதற்கும் மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' என்று பல அடுக்குகள் இக்காலத்து வண்டிகளில் உண்டு. இவை எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனந்தான். மேலுள்ள கிளியர் கோட் பெரும்பாலும் தலைமயிரின் பருமனிலும் குறைந்தது. பளபளப்பு முழுவதும் அதனுடையதே. நாம் இங்குப் பேசும் கீறல்களும் அதன்மேல் விழுபவையே.

அதைக் கீறுவது எது? துணியன்று, துணியில் ஒட்டிய தூசி. தெருப்புழுதியில் மணல் உண்டு. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். ஜெர்மானியரான மோஸ் என்பார் 1812இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் அதற்கு ஏழாம் இடம். கண்ணாடியையே கீறவல்ல அது வண்ணப்பூச்சை விட்டுவைக்குமா? மழை நின்ற கார்த்திகை முதல் மாசி வரை இந்நகரில் புழுதி மிகுதி. மேம்பாலத்தின் கீழும் சாலையோரத்திலும் நிற்கும் வண்டி ஓரிரவில் சாம்பல் நிறம் கொள்ளும். அதன்மேல் உலர்ந்த காம்சாவை வீசித் தட்டுவதும், வட்ட வட்டமாகத் துடைப்பதும் இங்குள்ள வழக்கம். உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை அளவில்தான். வட்டமாகத் துடைத்தமையால் கோடுகளும் வட்டமாக விழுந்து, சூரிய ஒளியில் வலைபோல் தோன்றுகின்றன.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கல்கத்தாவின் பழைய பகுதிகளில் வீதி கழுவுவதற்கென வடிகட்டாத ஹூக்ளி நீரைத் தனிக்குழாயில் விடும் ஏற்பாடு ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்டது. அக்கலங்கல் நீரில் வண்டல் மிகுதி. வீதிக்கு அது போதும், வண்டிக்கு ஆகாது. குடிநீர்க் குழாயின் நீரே ஏற்றது. வாளியில் பிடித்துச் செலவிட்டால் அதுவும் வீணாகாது.

இனிக் கழுவும் முறையைக் கூறுவோம். வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு சூடாறிய பின் தொடங்குக. முதலில் எதனாலும் தொடாமல் நீரை மட்டும் மேலிருந்து கீழாக ஊற்றி, தளர்ந்த புழுதி போகுமாறு செய்க. பிறகு வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் வண்டிக்கென விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியாயின் கழுவிய மணல் அனைத்தும் அவ்வாளியிலேயே தங்கி, மறுபடியும் வண்டிக்கே வந்து சேரும். முறையின் உயிர்நிலை இதுவே.

கூரையில் தொடங்கிக் கீழ் நோக்கி வருக. வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் அழுத்தமின்றித் துடைக்க. சக்கரத்திற்கும் கதவின் அடிப்பாகத்திற்கும் வேறு துணி வேண்டும். சேறு அங்கேதான் மிகுதி. துணி கீழே விழுந்தால் நன்கு அலசாமல் அதைப் பயன்படுத்தலாகாது. துணி வெளுக்கும் பவுடர் வேண்டாம். அது மெழுகைப் போக்கும், கரையாத மணிகள் கீறவும் செய்யும். முடிவில் நல்ல நீர் விட்டு, உலர்ந்த வேறொரு மைக்ரோஃபைபர் துணியை மேலே பரப்பி ஒற்றி எடுக்க. நாம் பணிபுரியும் ரயில்வேயில் பெட்டி கழுவும் இயந்திர நிலையங்களிலும் வரிசை ஏறக்குறைய இதுவே: முதலில் நீர், பின்பு சோப்பு நீரும் தூரிகையும், கடைசியில் மீண்டும் நல்ல நீர்.

காக்கை எச்சம் உலர்ந்திருந்தால் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டுவைத்து, இளகியதும் எடுக்க வேண்டும். பூஜையன்று இடும் சந்தனத்திற்கும் குங்குமத்திற்கும் இதுவே விதி. உலர்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுப்பதால் வரும் கீறல்கள் பல. பொட்டை முன்கண்ணாடியின் ஓரத்தில் இட்டால் பக்திக்கும் குறைவில்லை, வண்ணத்திற்கும் கேடில்லை.

விழுந்துவிட்ட கீறலை நீக்குவது எங்ஙனம்? நகத்தை அதன் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்க்க. நகம் தடுக்கினால் கீறல் ஆழமானது. பெயிண்டுக் கடைக்காரரிடந்தான் போக வேண்டும். நகம் தடுக்காமல், நீர் தடவியதும் கோடு மறைந்தால், அது மேற்படலத்தில் மட்டும் உள்ளது, வீட்டிலேயே போக்கலாம். வண்டியை நன்கு கழுவி உலர்த்திய பின், வண்டிக்கென விற்கும் மென்மையான பாலிஷைத் துணியில் பட்டாணி அளவு எடுத்து, கண்ணில் படாத ஓர் இடத்தில் முதலில் சோதிக்க. குறை தோன்றாவிடில், கீறல் உள்ள இடத்தில் மட்டும் மிதமான அழுத்தத்துடன் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்துப் பார்க்க. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெலிந்திருக்குமாதலால் அங்குக் கை அடங்கியிருக்க வேண்டும். இறுதியில் மெழுகு பூசுக. பற்பசை போதுமென்பார் உளர். அதிலும் அரைக்கும் பொடி உண்டு என்பது மெய்யே. ஆயினும் அப்பொடி பல்லுக்கென அமைந்தது, பூச்சுக்கென அன்று. மண்ணெண்ணெய்த் துணி தரும் பளபளப்போ எண்ணெய்ப்பசை மட்டுமே. அது அடுத்த நாளின் புழுதியை வரவேற்கும்.

ஒன்றை மறவாதிருத்தல் நலம். பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதன்று; கீறலைச் சுற்றியுள்ள படலத்தைக் கீறலின் ஆழத்திற்குச் சிறிது தேய்த்துச் சமப்படுத்துவது. ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் சற்றுக் குறைகிறது. குறைந்தது மீண்டும் வளராது. ஆகவே ஆண்டுதோறும் பாலிஷ் செய்து ஆண்டுதோறும் கீறிக்கொள்பவர் வண்டியின் ஆயுளைச் செலவிடுகிறார்.

உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்ற அம்பாஸிடரை இன்னும் போற்றி வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் நம்மிடையே உள்ளனர். பழைய வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட் இல்லை, வண்ணமே மேற்படலம். பாலிஷ் செய்யும்போது துணியில் வண்டியின் நிறம் ஏறினால், தேய்வது வண்ணமே என்று அறிந்து, விரைவில் நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் படித்த பின் பையனின் வழக்கை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். அவனிடம் இருப்பது ஒரு வாளி, ஒரு காம்சா. விடிவதற்குள் முடிக்க வேண்டிய வண்டிகளோ பல. பக்கத்து வீட்டு வண்டியின் மணல் அதே துணியில் நம் வண்டிக்கு வருவது அவன் கெட்ட எண்ணத்தாலன்று. கூலியைப் பிடிப்பதால் மணல் மென்மையாகிவிடாது. வீட்டுக்கு இரண்டு வாளியும் நான்கு துணியும் வாங்கி, நம் வண்டிக்கென்று தனியே வைத்து, ஒரு காலைப்பொழுது உடனிருந்து முறையைக் காட்டினால் போதும். ஒரு கதவுக்குப் புதிதாக வண்ணம் பூசும் செலவில் இது சிறு பகுதியே ஆகும். பூஜைக்கு முன்வரும் ஞாயிற்றுக்கிழமையே இதற்கு ஏற்ற நாள். முறையைக் கற்றவன் அடுத்த வீட்டு வண்டியையும் அவ்வண்ணமே காப்பான். அவன் கூலியும் அவனிடமே தங்கும்.